துருவத்துக்கு மேலே பேசுவது யார்?

வடதுருவத்துக்கு மேலே செயற்கைக்கோள் பிடித்த வேற்றுக்கிரகவாசிகளின் பேச்சு, விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்று ஒரு விசில் ஒலி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய்.

அது பூமியே எழுப்பும் ரேடியோ அலை. துருவ வானில் ஒளிரும் துருவ ஒளிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மேலே பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வாயு) அடர்த்தி வெகுவாகக் குறைந்த பள்ளங்கள் உண்டு. சில இடங்களில் கன சென்டிமீட்டருக்கு ஒரு எலக்ட்ரான்கூடத் தேறாது. அங்கே முடுக்கப்பட்டுக் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள்தான் இந்த அலையை உமிழ்கின்றன. சுவீடனின் வைக்கிங் செயற்கைக்கோள் 1986-இல் அந்தப் பள்ளங்களுக்குள்ளேயே புகுந்து அளந்தது.

அலைவெண் சில நூறு கிலோஹெர்ட்ஸ். காதுக்கு எட்டாது; நாம் கேட்பது அலைவெண்ணைக் கீழிறக்கி ஒலியாக மாற்றிய பதிவு. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் தடுப்பதால் தரைக்கும் அது வந்து சேர்வதில்லை.

மறைத்தார்களாம்! அமெரிக்க இயற்பியலாளர் டொனால்ட் கர்னெட் 1974-லேயே இதைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்.