2100 வரைக்கும் கவலை இல்ல

கீதா: என்னங்க கையில புதுசா மின்னுது?

ரவி: புதுசு இல்ல கீதா, ஒருத்தர் கட்டிட்டு வித்த வாட்ச், அதனாலதான் நமக்கு எட்டுச்சு, கேஸ், அதான் வெளிக்கூடு, முழுக்க தங்கம்!

கீதா: பின்னாடி 750னு போட்டிருக்கு?

ரவி: ஆயிரத்துல 750 பங்கு தங்கம், 18 கேரட்.

கீதா: மிச்சம் 250?

ரவி: செம்பு, வெள்ளி அந்த மாதிரி... சுத்தத் தங்கம்னா நசுங்கிடும்ல.

கீதா: அந்த முத்திரையே பாதி மழுங்கிக் கெடக்கு.

ரவி: பழைய ஆளு பாலிஷ் போட்டுத் தள்ளிட்டாரு போல, போடப் போட ஓரமெல்லாம் தேஞ்சுடும், கீறலோட அப்படியே விட்டிருந்தாதான் மதிப்பு.

கீதா: நான் கார்ல ஒரு கீறல் போட்டப்ப இந்த ஞானம் எங்க போச்சு?

ரவி: அத விடு, இது பர்பெச்சுவல் காலண்டர், உள்ள இருக்கற ஒரு சக்கரம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவதான் சுத்தும், அதுல 48 மாசமும் இருக்கு, 30, 31, பிப்ரவரி 28, 29 எல்லாம் அதுவே பாத்துக்கும், 2100 வரைக்கும் தேதிய தொடவே வேணாம்!

கீதா: 2100ல என்ன?

ரவி: அது லீப் வருஷம் இல்ல, நூறால வகுபடற வருஷம்னா நானூறாலயும் வகுபடணும், வாட்ச்சுக்கு அது தெரியாது, பிப்ரவரி 29 காட்டிடும், அப்ப மட்டும் ஒரு தடவ மாத்தணும்.

கீதா: நீங்களா மாத்தப் போறீங்க? சரி, அது என்ன ஓட்டை?

ரவி: நிலா! இன்னைக்கு பிறையா பௌர்ணமியான்னு காட்டும்.

கீதா: ஜன்னலத் திறந்தா தெரியாதா?

ரவி: மழைக்காலத்துல?

கீதா: இன்னைக்கு தேதி 12, இது 21ங்குது.

ரவி: ...கழட்டி வச்சேன், இது ஆட்டோமேட்டிக், கை அசையறதுலதான் சாவி ஏறும், கட்டாம விட்டா ரெண்டு நாள்ல நின்னுடும், திருப்பி செட் பண்ணும்போது கொஞ்சம் ஓவரா திருகிட்டேன்.

கீதா: பின்னாடி திருகுங்க.

ரவி: முடியாது, இந்த டைப்ல தேதி முன்னாடி மட்டும்தான் போகும்.

கீதா: அப்போ?

ரவி: 21 வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கணும், நாளு வந்து அத புடிச்சதும் ஓட்டலாம்.

கீதா: அதுவரைக்கும் தேதி?

ரவி: போன்ல பாத்துக்கறேன்.

கீதா: எழுபது சொச்சம் வருஷத்துக்கு கைய வைக்க வேணாம்னு வாங்கின வாட்ச், கைய வச்சதால நின்னு போச்சு!

ரவி: சிரிக்காத, இது எவ்ளோ பெரிய வேலைப்பாடு தெரியுமா, (கைய ஆட்டி ஆட்டி) ஒவ்வொரு பல்சக்கரமும் ஒவ்வொரு லீவரும்...

கீதா: ஏங்க, கைய ஆட்டாதீங்க!

ரவி: ஏன்?

கீதா: அது ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்கல்ல, முள்ளு ஓட ஆரம்பிச்சுடுச்சு!