புகையை முதலில் பார்ப்பவர் ஏன் சொல்வதில்லை?

காட்டுத்தீ என்று பேச்சு வந்தாலே ஹெலிகாப்டர், செயற்கைக்கோள், ட்ரோன் என்று போய்விடுகிறோம். இவை எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காட்டில் தீப்பிடித்தால் அதை முதலில் பார்ப்பவர் யார்? மாடு மேய்க்கப் போனவர், விறகு பொறுக்கப் போனவர், தேன் எடுக்கப் போனவர், காட்டோரத்தில் வயல் வைத்திருப்பவர். அந்த நேரத்தில் தீ முழங்கால் உயரம்தான் இருக்கும். நாலு பேர் சேர்ந்து பச்சைத் தழையை ஒடித்து அடித்தாலே அடங்கிவிடும். அவர் உடனே ஊருக்கும் வனத்துறைக்கும் சொல்லிவிட்டால் பெரும்பாலான தீ அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பல இடங்களில் அவர் வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று கேட்காமல் எத்தனை கோடி செலவழித்தாலும் காடு எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அவர் பயப்படுகிறார். "நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தீ வைத்தவர் எங்கோ போயிருப்பார். தகவல் சொன்னவர் பெயர் காகிதத்தில் ஏறும்.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். காட்டில் உரிமை உள்ளவர்களும் காட்டுப்பொருள் எடுக்க அனுமதி பெற்றவர்களும் தீயைப் பற்றித் தகவல் தர வேண்டும், அணைக்க உதவ வேண்டும் என்கிறது 79-வது பிரிவு. செய்யாவிட்டால் தண்டனை உண்டு. அதே சட்டத்தின் 26-வது பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது. காப்புக்காட்டில் யாராவது வேண்டுமென்றோ பெரும் அலட்சியத்தாலோ தீ வைத்தால், அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமையையும் காட்டுப்பொருள் எடுக்கும் உரிமையையும் அரசு வேண்டிய காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம். தீ வைத்தவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஊரே மேய்ச்சல் நிலத்தை இழக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டு, தீப்பிடித்தால் ஓடிவந்து சொல் என்று அந்த ஊரிடம் எதிர்பார்ப்பது எப்படி நியாயம்?

மக்களிடமிருந்து காட்டைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலையில் நூறாண்டுக்கு முந்தைய சான்று இருக்கிறது. ஆங்கிலேய அரசு அங்கே கிராமக் காடுகளைக் காப்புக்காடாக்கி, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தடைபோட்டது. 1921-ல் மக்கள் எதிர்ப்பாகவே பல இடங்களில் காட்டுக்குத் தீ வைத்தார்கள். அரசு குறைகேட்புக் குழு அமைத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 1931-ல் கிராமத்தாரே காட்டைப் பராமரிக்கும் வன் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. ஒரே மக்கள்தான். தங்களுடையது அல்ல என்றானபோது எரித்தார்கள், தங்கள் பொறுப்பு என்றானபோது காவல் காத்தார்கள். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சமூகத்துக்குத் தன் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை காகிதத்தைத் தாண்டிக் கைக்கு வந்த ஊரில், தீத்தடுப்பு வேலையை யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தீயின் பெரும்பகுதி மனிதர்களால்தான் வருகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. அதற்காக "கிராமத்து ஆட்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிக் கடந்துபோவதை ஏற்க முடியாது. தீ வைப்பவருக்குக் காரணம் இருக்கிறது, ஒவ்வொரு காரணத்துக்கும் வைத்தியம் வேறு. கோடை மழை விழுந்ததும் இளம்புல் வரட்டும் என்று மேய்ப்பவர் எரிக்கிறார். அவருக்குத் தேவை தீவனம், பிரசங்கம் அல்ல. இலுப்பைப் பூ பொறுக்குபவர், விழும் பூ கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தடிச் சருகைக் கொளுத்துகிறார். மரத்தடியில் வலை கட்டிக் கொடுத்தால் கொளுத்த வேண்டிய அவசியமே இல்லை, மத்திய இந்தியாவில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். தேனீயை விரட்டப் பந்தம் கொளுத்துபவர் ஒருவர், அறுவடைத் தாளை எரிக்கும்போது காற்று திரும்பி மாட்டிக்கொள்பவர் இன்னொருவர். எல்லோரையும் ஒரே எச்சரிக்கைப் பலகையால் திருத்திவிட முடியுமா?

அப்புறம், எல்லாத் தீயும் பகையல்ல. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தெரிந்தேதான் சொல்கிறேன். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடிகள் கோடைத் தொடக்கத்தில், காடு முழுக்கக் காய்வதற்குள், தரைச் சருகை மட்டும் சின்னத் தீயால் எரித்து வந்தவர்கள். 1970-களில் அந்த மலை சரணாலயமான பிறகு அதற்குத் தடை வந்தது. உண்ணிச்செடி என்ற அந்நியப் புதர் காட்டை அடைத்துக்கொண்டதற்கும் நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் அந்தத் தடைதான் காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள், விவாதமும் நடக்கிறது. எனக்கு அவர்கள் சொல்வதில் பெரும்பங்கு உண்மை இருப்பதாகத்தான் படுகிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோக வேண்டிய சருகு பத்து வருடம் சேர்ந்தால், அடுத்த தீ தரையோடு நிற்காது, புதர் வழியாக ஏறி மர உச்சியைத் தொடும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டில் இந்த அறிவை மதித்தார்கள். பழங்குடி வனக்காவலர்கள் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில், ஈரம் மிச்சமிருக்கும்போதே, காட்டைத் திட்டுத் திட்டாக எரிக்கிறார்கள். அந்தப் பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீ அந்தக் கரிந்த திட்டுகளில் மோதி நின்றுவிடுகிறது. 2006 முதல் இது முறையான திட்டமாகவே நடக்கிறது, பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் குறைவதற்காக அவர்களுக்கு வருமானமும் வருகிறது. ஆனால் அதை அப்படியே கொண்டுவந்து எல்லா இடத்திலும் வைத்துவிட முடியாது. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் காட்டில் இன்று "பழைய முறை" என்று தீ வைத்தால் மொத்தமும் போய்விடும். முதலில் செடியை வேரோடு அகற்ற வேண்டும். ஈரமான சோலைக்காட்டில் தீ என்பதே கூடாது. எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் என்பது தெரிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

ஆட்கள் என்று சொல்லும்போது, யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் ஆளே இல்லை. இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். போர்ச்சுகலில் 2017 ஜூன் மாதம் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் காட்டுத்தீயில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் 47 பேர் தப்பித்துப் போகும்போது ஒரே சாலையிலும் அதன் ஓரத்திலும் மாட்டிக்கொண்டவர்கள். அந்த வட்டாரக் கிராமங்களில் எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். உழுது மேய்த்துக்கொண்டிருந்த நிலம் கைவிடப்பட்டுப் புதரும் யூகலிப்டஸும் வீட்டு வாசல் வரை வந்திருந்தன. ஆடு மேய்ந்த நிலத்தில் தீக்கு இரை குறைவு, ஆட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. கிராமப் பொருளாதாரம் சரிவதையும் காட்டுத்தீ பெருகுவதையும் தனித்தனிச் செய்தியாகப் படிப்பதை நாம் நிறுத்த வேண்டும். அந்தத் துயரத்துக்குப் பிறகு 2018-ல் போர்ச்சுகல் ஒரு நல்ல காரியம் செய்தது. கிராமத்துக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர், தஞ்சமடைய ஓர் இடம், வெளியேறும் பாதை, ஒத்திகை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத ஏற்பாடு இது.

செயற்கைக்கோள் எச்சரிக்கையை ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் குறுஞ்செய்தியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். நல்லது, பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் தலைக்கு மேல் வரும். மரநிழலுக்கு அடியில் ஊரும் தீ அதன் கண்ணுக்குச் சிக்காமலும் போகும். ஊர்க்காரர் கண் அதைவிட முந்தியது.

என்னை அதிகம் வருத்துவது தீயணைக்கப் போகிறவர்களின் நிலை. மலைச்சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே நிற்பவர் ஓடி ஜெயிக்க முடியாது. இதைத் தெரிந்தவர்களும் செத்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் வனக்காவலர்கள் மூன்று பேர் தீயில் இறந்தார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன நான்கு பேர் அங்கேயே கருகினார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேரை நாம் இழந்தபோது, அவர்களை மீட்க மேலே ஓடியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். அவர்களிடம் என்ன கவச உடை இருந்தது? அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வரவேண்டியதுதான். ஆனால் அன்று முன்னால் ஓடிய ஊர்க்காரர்களுக்குப் பயிற்சியும் கருவியும் தருவது பற்றி அதே அளவு பேசினோமா? எனக்குத் தெரிந்து இல்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கிராமத் தீயணைப்புப் படையில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி உண்டு, தீ தாங்கும் உடை உண்டு, வண்டி உண்டு. 2019 இறுதியில் தீ வாரக்கணக்கில் நீண்டபோது, வேலையை விட்டுவிட்டு வந்தவர்களில் சுயதொழில் செய்பவர்களுக்கும் சிறு, நடுத்தர நிறுவன ஊழியர்களுக்கும் இழந்த வருமானத்துக்கு ஈடு தர அரசு முன்வந்தது. பணக்கார நாட்டில் இருப்பவருக்கே அது தேவைப்பட்டது என்றால், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் இரண்டு நாள் மலையில் நின்றால் அவர் வீட்டில் அடுப்பு எரிய யார் பொறுப்பு?

தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி செடியும் சருகும் அகற்றிய பட்டை, வெட்டும் வேலை சருகு உதிரும் முன்பே தொடங்க வேண்டும். நிதியாண்டு முடிகிற மார்ச்சில் பணம் வந்தால் தீ ஏற்கெனவே மலையில் இருக்கும். அதனால் நான் கேட்பவை இவைதான்: தீத்தடுப்புப் பணம் டிசம்பருக்குள் கிராம சபையின் கைக்கு வரட்டும். கோடு வெட்டும் வேலையும் காவல் வேலையும் அந்தந்த ஊர் மக்களுக்கே, வாரக் கூலியாக, பாக்கி வைக்காமல். மலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பருத்தி உடை, பூட்ஸ், தண்ணீர், வாக்கி டாக்கி, ஆயுள் காப்பீடு, தற்காலிகப் பணியாளர் என்ற பேதம் பார்க்காமல். முதலில் தகவல் சொன்னவர் மீது அந்தத் தகவலை மட்டும் வைத்து வழக்குப் போடக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு. ஊருக்கே மேய்ச்சலை நிறுத்தும் அந்த 26-வது பிரிவின் அதிகாரத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.