கோபுரம் கூட்டினால் போதுமா?
ஓடும் ரயிலில் அழைப்பு அறுந்துபோவதற்குக் கோபுரங்களைக் கூட்டுவதே தீர்வு என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் உண்மை. கோபுரங்கள் நெருங்க நெருங்கக் கைமாற்றங்களும் (அழைப்பு ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு மாறுவது) கூடும்; ஒவ்வொன்றும் அழைப்பு அறுவதற்கு இன்னொரு வாய்ப்பு.

கோளாறு பல நேரங்களில், எப்போது மாற வேண்டும் என்று நெட்வொர்க்கில் குறித்து வைக்கும் அமைப்பு அளவுகளில் இருக்கிறது. 4ஜியில் பக்கத்து செல்லின் (கோபுரம் சிக்னல் தரும் பகுதி) சிக்னல் இப்போதைய செல்லைவிட, உதாரணமாக, 3 டெசிபல் கூடுதலாகி, 320 மில்லிவினாடி அப்படியே நீடித்தால்தான் போன் நெட்வொர்க்குக்குத் தகவல் அனுப்பும். நடந்து போகிறவருக்கு இது சரி. மணிக்கு 120 கிலோமீட்டரில் போகிறவர் அதற்குள் பத்து மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார். அதற்குள் பழைய செல்லின் சிக்னல் சரிந்துவிட்டால், மாறச் சொல்லும் கட்டளையே போனுக்கு வந்து சேராது. சரி, காத்திருப்பைக் குறைக்கலாம் என்றால், எல்லையில் நிற்கிறவரின் போன் இரண்டு செல்களுக்கு நடுவே பந்தாடப்படும்.

மொபைல் நெட்வொர்க்குகளுக்கான தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 16ஆம் வெளியீட்டில் வந்த நிபந்தனைக் கைமாற்றத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை! சிக்னல் நன்றாக இருக்கும்போதே கட்டளையைப் போனிடம் கொடுத்து வைக்கும் முறை அது. நிபந்தனை நிறைவேறியதும் போன் தானே மாறிக்கொள்ளும். இலவசமாக வருவதில்லைதான். போன் வரக்கூடிய எல்லா செல்களும் முன்கூட்டியே இடம் ஒதுக்கிக் காத்திருக்க வேண்டும்.