அந்தப் புள்ளி எங்க?

எம்.டெக் நுழைவுத் தேர்வான கேட் எழுதி பெரிய இன்ஸ்டிட்யூட் ஒண்ணுல எம்.டெக் சேந்தப்போ எனக்கு இருந்த பயமெல்லாம் இங்கிலீஷ் மேலதான். பாடம் தமிழ்ல கேட்டு பரிட்சை மட்டும் இங்கிலீஷ்ல எழுதி வந்தவன் நான். அது ஆறு மாசத்துல பழகிருச்சு. மாட்டுனது வேற எடத்துல.

கைடு நாலு ஆராய்ச்சிப் பேப்பர் குடுத்து படிச்சிட்டு வான்னாரு. ரெண்டு வாரம் உக்காந்து மஞ்ச ஹைலைட்டர் தீர தீர கோடு போட்டு, மார்ஜின் விட்டு நோட்ஸ் எடுத்துட்டுப் போனேன், மனுஷன் நோட்டைத் தொறக்கவே இல்ல. இதுல உனக்கு எது இடிக்குதுன்னு கேட்டாரு. எல்லாம் கிளியரா இருக்கு சார்னேன். அப்ப நீ இன்னும் படிக்கலன்னுட்டு லேப்டாப் பக்கம் திரும்பிட்டாரு.

நாலு வருஷம் 2 மார்க், 13 மார்க்னு போர்ஷன் கேட்டே வளந்தவன்கிட்ட அச்சுல வந்ததுல தப்பு கண்டுபிடின்னா எங்க போவான்?

இதைவிடப் பெரிய அடி ரெண்டாவது செமஸ்டர்ல. பி.இ லேப்ல ரீடிங் சரியா வரலன்னா என்ன பண்ணுவோம்னு படிச்சவங்களுக்குத் தெரியும். சீனியர் ரெக்கார்டை எடுத்து, ஃபார்முலாவைப் பின்னாடியிருந்து போட்டு, நேர்கோடு வர்ற மாதிரி ரீடிங்கை "வரவச்சு" சைன் வாங்கிருவோம். அதே கையோட இங்கயும் ஹீட் டிரான்ஸ்ஃபர் டேட்டாவுல ஒத்துவராத ஒரு புள்ளியைத் தூக்கிட்டு அழகா கிராஃப் கொண்டுபோனேன். ஒன்பது புள்ளி எடுத்தியே, ஒண்ணு எங்கன்னு கேட்டாரு பாருங்க, காது சூடாயிருச்சு. அங்க மார்க் வாங்கிக் குடுத்த வேலைக்கு இங்க பேரு டேட்டா மோசடி.

சேந்த அன்னைக்கு ஓரியன்டேஷன்ல ராகிங் ஃபார்ம், வண்டி ஸ்டிக்கர், 10 சதவீதத்துக்கு மேல காப்பி இருக்கக்கூடாது, எல்லாம் சொன்னாங்க. அச்சுல வந்ததையும் கேள்வி கேக்கணும், ஒத்துவராத புள்ளியைத் தூக்கக்கூடாதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. வீட்டுல அப்பாவோ மாமாவோ புரொஃபசரா இருக்குற பசங்களுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு, அவங்க கதவைத் தட்டி சார் இது எனக்குப் புரியலன்னு சாதாரணமா சொல்லிட்டு வர்றாங்க. நமக்கு புரியலன்னு சொன்னா சீட்டே போயிருமோன்னு நெனப்பு. கடைசில டிபார்ட்மெண்ட்ல நமக்குக் கெடைக்கிற பேரு "அட்ஜஸ்ட் ஆகல". எதுக்கு அட்ஜஸ்ட் ஆகணும்னு மொதல்ல சொல்லுங்கய்யா.

மாசம் 12,400 ஸ்டைபெண்டுக்கு வாரம் 8 மணி நேரம் டி.ஏ வேலை, அதாவது வாத்தியாருக்கு உதவியா லேப் பாக்குறது, ரெக்கார்ட் திருத்துறது. பி.டெக் பசங்க ரெக்கார்ட் திருத்த உக்காந்தா அங்கயும் ஸ்கேல் வச்ச மாதிரி நேர்கோடு. சிரிப்பு வந்துச்சு, சைன் போட்டுட்டேன். போட்டிருக்கக் கூடாது, இப்பவும் உறுத்துது.

பிஎச்.டி வந்தப்புறம் இன்னொரு கூத்து. பேப்பர் போட்டாத்தான் தீசிஸ் குடுக்கலாம்னு இருந்த கட்டாயத்தை யுஜிசி 2022லயே எடுத்துருச்சு. ஆனா நம்ம ஆராய்ச்சியை மேற்பார்க்குற டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்ல மொத கேள்வியே ஸ்கோபஸ் பட்டியல்ல இருக்குற ஜர்னல்ல எத்தனை பேப்பர்னுதான். இப்படி அவசரப்படுத்துனா ஒத்துவராத புள்ளியைத் தூக்கத்தான் கை போகும், வேறென்ன.

போன வாரம் லேப்ல புதுசா வந்த தம்பி, நம்ம ஊர்ப் பக்கம்தான், கிராஃபைக் காட்டி அண்ணா இந்த ஒரு புள்ளி மட்டும் வெளிய நிக்குது, தூக்கிரவான்னான். வேணாம்டா, திரும்ப ஓட்டுன்னேன். மூணு தடவ ஓட்டுனோம். சூட்டை அளக்குற தெர்மோகப்பிளைக் கழட்டி மாட்டியும் பாத்தாச்சு, மெஸ்ஸும் மூடிட்டான். அது இன்னும் அதே எடத்துலதான் நிக்குது.