கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் புளிப்பு

ஹங்கேரி நகைச்சுவைப் படங்கள் என்று பேச்செடுத்தாலே, "ஒரே கிறுக்குத்தனமா இருக்குமே, அதுதானே?" என்கிறார்கள். போன வாரம் ஒரு நண்பரும் அதையே சொன்னார். எனக்கு அந்த வார்த்தையோடு ரொம்ப நாளாகச் சண்டை. அந்தப் படங்களின் நாயகர்கள் சாதாரண மனுஷர்கள். பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும், மேலிடத்தில் சொன்னதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. புத்தி பேதலித்துப் போனது அவர்கள் வாழ்ந்த காலத்துக்கு. அதைப் பார்த்தபடியே எழுதினால் விசித்திரமாகத்தான் தெரியும்.

பேட்டர் பாச்சோ இயக்கிய 'சாட்சி' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1969-இல் எடுத்து முடித்த படம். அன்றைய கம்யூனிஸ்ட் அரசு அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது. ஹங்கேரி மக்கள் அதைத் தியேட்டரில் பார்க்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதை 1949 வாக்கில் நடக்கிறது. யோசெஃப் பெலிகான், டான்யூப் கரையைக் காவல் காக்கும் எளிய மனிதர். வீடு நிறையப் பிள்ளைகள். (பெலிகான் என்றால் நம் கூழைக்கடா. ஆற்றோரத்து மனிதருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!) இறைச்சித் தட்டுப்பாடு. அனுமதி இல்லாமல் பன்றி அடித்தால் ஜெயில். பெலிகான் திருட்டுத்தனமாக அடிக்கிறார். பன்றியின் அலறல் வெளியே கேட்காமல் இருக்க, குடும்பமே தொண்டை கிழியப் பாடுகிறது. அந்த நேரம் பார்த்து பழைய தோழர் வந்து சேர்கிறார். இப்போது அவர் மந்திரி. போர்க்காலத்தில் அவரை அந்த வீட்டின் நிலவறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவரே பெலிகான்தான். சோதனை போட போலீஸ் வருகிறது. 'என் நண்பன் ஒளிப்பவனா? இதோ, என்னை ஒளித்து வைத்த இடத்தையே பாருங்கள்' என்று மந்திரி பெருமையாக நிலவறையைத் திறந்து காட்டச் செய்கிறார். உள்ளே பன்றி!

இந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதில் கெட்டவர் யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நண்பர் பாசத்தில் செய்கிறார், பெலிகான் பசியில் செய்கிறார். மாட்டிக்கொள்வது மட்டும் நிச்சயம்.

அப்புறம்தான் மேலிடத்து ஆளான தோழர் விராக் வருகிறார். இந்தப் பெயருக்கு ஹங்கேரிய மொழியில் 'பூ' என்று அர்த்தம். பெலிகானை ஜெயிலிலிருந்து எடுத்து ஒரு பதவியில் உட்கார வைக்கிறார். முதலில் நீச்சல்குளத்துக்கு இயக்குநர். அங்கே ஒரு பெரிய தலைவர் தனியாக நீந்திக்கொண்டிருக்கும்போது, வெளியே காத்திருந்த ஜனங்களை பெலிகான் உள்ளே விட்டுவிடுகிறார். திரும்ப ஜெயில். அடுத்து பொழுதுபோக்குப் பூங்காவில் சோஷலிசப் பேய் ரயில். அதுவும் ஜெயிலில் முடிகிறது. அதற்கும் அடுத்து ஆரஞ்சு ஆராய்ச்சி நிலையம்.

ஹங்கேரிக் குளிரில் ஆரஞ்சு விளைவிக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பாடுபட்டு ஒரே ஒரு பழம் விளைகிறது. விழா ஏற்பாடு தடபுடல். தலைவர் வந்து வாங்குவதற்குள் பெலிகானின் சின்னப் பையன் அந்தப் பழத்தைத் தின்றுவிடுகிறான்! அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு எலுமிச்சை. தலைவர் கடிக்கிறார், முகம் கோணுகிறது, இது என்ன என்று கேட்கிறார். பெலிகானின் பதில்: ஹங்கேரிய ஆரஞ்சு, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் புளிப்பு, ஆனால் நம்முடையது.

முதல் தடவை பார்த்தபோது நான் தலைவரின் முகத்தையே பார்த்துச் சிரித்தேன். மூன்றாவது தடவைதான் பெலிகானாக நடித்த ஃபெரென்ட்ஸ் கால்லையின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. ஆபத்திலிருந்து தப்பிக்க வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், சொல்லும்போதே பாதி நம்பியும் விடுகிறார். நடிகர் கண்ணடித்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். அந்த வாக்கியம் ஹங்கேரியில் பழமொழி போலவே ஆகிவிட்டது. 1989-இல் தொடங்கிய ஒரு வாரப் பத்திரிகைக்கு 'ஹங்கேரிய ஆரஞ்சு' என்றே பெயர் வைத்தார்கள்.

இத்தனை சலுகையும் எதற்காக? அந்த மந்திரி நண்பர் இப்போது துரோகி என்று கைதாகியிருக்கிறார். அவருக்கு எதிராக பெலிகான் சாட்சி சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு கட்டத்தில் பெலிகான் கைக்கு வரும் காகிதத்தைப் படித்துப் பார்த்தால், அது சாட்சியம் இல்லை, தீர்ப்பு. வழக்கே இன்னும் நடக்கவில்லை.

இதைக் கற்பனை என்றா சொல்வீர்கள்? 1949 செப்டம்பரில் லாஸ்லோ ராய்க் வழக்கு புடாபெஸ்டில் நடந்தது. ராய்க் உள்துறை மந்திரியாகவும் வெளியுறவு மந்திரியாகவும் இருந்தவர். கூண்டில் நின்றவர்கள் பாடம் ஒப்பிப்பதுபோலக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அது ரேடியோவிலும் ஒலித்தது. அக்டோபர் 15-இல் தூக்கு. 1956-இல் அதே நாட்டில் ராய்க்குக்கு மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள். நிஜம் இப்படி இருக்கும்போது, பாச்சோ மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையில் நடந்ததை விடக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறார்.

தமிழில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கில சப்டைட்டிலில் வரும் 'காம்ரேட்' என்ற அழைப்புச் சொல்லை மனசுக்குள் 'தோழர்' என்று மாற்றிக்கொண்டு பாருங்கள். அந்தச் சொல்லில் உள்ள பாசமும் அதிகாரமும் சேர்ந்தே காதில் விழும்.

அதே 1969-இல் ஸோல்டான் ஃபாப்ரி எடுத்த படத்தையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இஷ்ட்வான் ஒர்கேனியின் 'டோட் குடும்பம்' கதை. இரண்டாம் உலகப்போர் சமயம். மகன் போர்முனையில். அவனுடைய மேஜர் ஓய்வெடுக்க இவர்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் மனம் குளிர்ந்தால் மகன் பிழைப்பான் என்று குடும்பமே அவர் காலடியில் கிடக்கிறது. தூக்கம் வராத மேஜர், ராத்திரி முழுக்க அட்டைப் பெட்டி செய்ய வைக்கிறார். வீட்டின் அப்பா, நெட்டையான தீயணைப்புத் தலைவர் டோட், மேஜரின் தலைக்கு மேலே எதையோ பார்ப்பதாக மேஜருக்குப் பதற்றம். அதனால் டோட் ஹெல்மெட்டைக் கண் வரை இழுத்து விட்டுக்கொள்கிறார். கொட்டாவி வராமலிருக்க வாயில் டார்ச் லைட்!

இதில் நெஞ்சை அறுப்பது தபால்காரர்தான். இந்தக் குடும்பத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், கெட்ட சேதி வந்தால் கொண்டு கொடுப்பதே இல்லை. மகன் செத்த தகவல் அவரோடே நின்றுவிடுகிறது. அது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பெட்டிகள் மட்டும் குவிந்துகொண்டே போகின்றன. சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டை அடைத்துவிடும்.

2002-இல் ஜியோர்ஜ் பால்ஃபி எடுத்த 'ஹுக்லே' வரை இந்தச் சரடு வருகிறது. கிட்டத்தட்ட வசனமே இல்லாத படம், பெஞ்சில் உட்கார்ந்து விக்கும் ஒரு கிழவர், ஒவ்வொருவராகச் சாகும் ஆண்கள். திறமையான படம்தான், ஆனால் பெலிகான் மேல் வந்த பாசம் எனக்கு அதில் யார் மேலும் வரவில்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் 'சாட்சி'யிலேயே ஆரம்பியுங்கள். பழைய பிரதிகளில் வெட்டு உண்டு. வெட்டில்லாமல் மீட்டெடுத்த பிரதியை 2019-இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள், கிடைத்தால் அதையே பாருங்கள். பாச்சோ 2009-லேயே போய்விட்டார்.