‘ஆம் ஃபோவாமெ’ என்று ருமேனியாவில் சொல்வதில்லை

இத்தாலியனில் ‘ஓ ஃபாமெ’ (பசி வைத்திருக்கிறேன்) என்பதால், ருமேனியனிலும் ‘ஆம் ஃபோவாமெ’ என்று சொன்னால் போதும், எல்லாம் லத்தீன் குடும்பம்தானே என்று ருமேனியன் பேச வழிசொல்லும் ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். குடும்பம் சரி, வாக்கியம் தவறு. கடையில் சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

அங்கே சொல்வது ‘மியே ஃபோவாமெ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எனக்குப் பசி’. தமிழருக்கு இது இத்தாலியனைவிட எளிது, நாமும் நான்காம் வேற்றுமையில்தானே பசிக்கிறோம்! உனக்குப் பசியா என்று கேட்க ‘ட்ஸியே ஃபோவாமெ?’. தாகம், தூக்கம், குளிர், பயம் எல்லாம் இதே அச்சு: மியே சேத்தெ, மியே சோம்ன், மியே ஃப்ரிக், மியே ஃப்ரிகா. ஒன்றைப் பிடித்தால் ஐந்தும் வந்துவிடும்.

‘ஃபோவாமெ தெ லூப்’ (ஓநாய்ப் பசி) கார்பாத்திய மலை ஓநாய்களால் ருமேனியருக்கு மட்டும் வாய்த்த தொடர் என்று அவர் சொல்வதும் அழகான கற்பனை. அந்த மலைகளில் ஓநாய்கள் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் இதே ஓநாயைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம், ‘வ்ராபியா மலாய் விஸியாஸா’, அதாவது சிட்டுக்குருவி சோளமாவைக் கனவு காண்கிறது. பசிக்கும்போது இதைச் சொல்லலாம் என்று அதே பதிவில் இருக்கிறது. வேண்டாம். கைக்கு எட்டாததை ஆசைப்படுகிறவரைக் கிண்டல் செய்யும் பழமொழி அது. சாப்பாட்டுக்கு முன் உங்களைப் பற்றி நீங்களே சொன்னால், சோறு கிடைக்காது என்று நீங்களே முடிவுகட்டியதுபோல் ஆகும். வயிறு கூப்பாடு போட்டால் ‘மோர் தெ ஃபோவாமெ’, பசியில் சாகிறேன். அது போதும்.