நீங்கள் கொடுத்த பணத்துக்கு எங்களிடம் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?

2025 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, இறக்குமதி வரியில் வந்த பணத்திலிருந்து ஆளுக்குக் குறைந்தது 2,000 டாலர் தருவோம், பணக்காரர்களுக்கு மட்டும் கிடையாது என்று சமூக ஊடகத்தில் எழுதினாலும் எழுதினார், அன்றிலிருந்து எனக்கு வரும் வாட்ஸாப் செய்திகளில் பாதி "அக்கா, அந்த ரெண்டாயிரம் எப்ப வரும்?" என்பதுதான். நான் நியூ ஜெர்சியில் மற்றவர்களுக்கு டாக்ஸ் ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, போட்டுக் கொடுப்பவள். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள், ஊபர் ஓட்டுபவர்கள், கேஸ் ஸ்டேஷனில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள் என்று எல்லோரும் வருவார்கள். பணத்தை ஏதோ நான்தான் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருப்பது மாதிரி கேட்பார்கள்.

காங்கிரஸ் சட்டம் இயற்றினால்தான் அப்படி ஒரு பணம் வரும். வரட்டும், யாருக்குக் கசக்கும்? அது எந்த வழியாக வரும் என்பதில்தான் எனக்குப் பயம். கொரோனா காலத்தில் வந்த மாதிரி மறுபடியும் டாக்ஸ் ரிட்டர்ன் வழியாக, கொடுத்த பணத்துக்கு வரித்துறை வாங்கியவரிடமே கணக்குக் கேட்டு, அதுவும் ரிட்டர்ன் போடும் சீசனுக்கு நடுவில், விதிகளைப் பின்தேதியிட்டு மாற்றிக்கொண்டே வருமானால், இந்த ஊரில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பாதிப் பேர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். மிகைப்படுத்தவில்லை. 2021 சீசனோடு விலகிய இரண்டு பேரை எனக்கே தெரியும்.

மறந்துபோனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2020 மார்ச் 27 அன்று கொரோனா நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. பெரியவர்களுக்கு 1,200 டாலர், 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு 500. வருமானம் தனியாளுக்கு 75,000, தம்பதிக்கு 1,50,000 வரை இருந்தால் முழுத் தொகை, அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஐந்து டாலர் குறையும். 2019 ரிட்டர்ன் இருந்தால் அதை வைத்துக் கணக்கு, இல்லாவிட்டால் 2018. அப்புறம் டிசம்பர் 27-இல் இரண்டாவது சட்டம், ஆளுக்கு 600. அப்புறம் 2021 மார்ச் 11-இல் மூன்றாவது, ஆளுக்கு 1,400, இந்த முறை கல்லூரிப் பிள்ளைகளும் நம்மோடு இருக்கும் வயதான பெற்றோரும் டிபென்டென்ட், அதாவது நம் ஆதரவில் இருப்பவர்கள், என்றால் அவர்களுக்கும் சேர்த்து. ஒரே வருடத்துக்குள் மூன்று சட்டம், மூன்றுக்கும் தகுதி வேறு, கணக்கு வேறு. "மூணும் ஒண்ணுதானே அக்கா?" என்று கேட்பவரிடம் ஒவ்வொன்றாக விளக்குவதற்குள் அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆள் வாசலில் நிற்பார், அதுவும் மாஸ்க்கோடு, ஆறடி தள்ளி.

நம்மவர்களுக்கு விழுந்த முதல் அடி ஐடின், அதாவது எஸ்எஸ்என் என்கிற சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காதவர்களுக்கு வரித்துறை தரும் எண். கணவர் எச்-1பி, எஸ்எஸ்என் உண்டு, ஒழுங்காக வரி கட்டுகிறார். மனைவி அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா, வேலை செய்ய அனுமதி இல்லாததால் எஸ்எஸ்என் கிடையாது, ஐடின் எண் மட்டும். குழந்தை இங்கேயே எடிசன் ஆஸ்பத்திரியில் பிறந்து எஸ்எஸ்என் வாங்கிய அமெரிக்கக் குடிமகள். ஜாயின்டாக ரிட்டர்ன் போட்டால் இருவருக்கும் எஸ்எஸ்என் இருக்க வேண்டும் என்று கேர்ஸ் சட்டத்தில் ஒரு வரி இருந்தது, ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த ஒரு வரியால் மனைவிக்கும் இல்லை, கணவருக்கும் இல்லை, அந்தக் குழந்தைக்கும் இல்லை. அதே 2020-இல், இறந்துபோன சுமார் 11 லட்சம் பேர் பெயரில் கிட்டத்தட்ட 140 கோடி டாலர் போயிருக்கிறது என்று அரசின் தணிக்கை அலுவலகமே அறிக்கை விட்டது. இதை எச்-1பி தம்பி ஒருவரிடம் சொன்னேன், "அக்கா, செத்தா கிடைக்கும்ங்கறீங்களா?" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

டிசம்பர் சட்டம் அதைச் சரிசெய்தது. எஸ்எஸ்என் இருக்கிற கணவருக்கும் குழந்தைக்கும் உண்டு, முதல் பணத்துக்கும் அது பின்தேதியிட்டுச் செல்லும் என்றார்கள். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விட்டுப்போன 1,700 டாலரை யார் கேட்டு வாங்க வேண்டும்? அவரேதான், 2020 ரிட்டர்னில், 30-ஆவது வரியில்.

இந்த 30-ஆவது வரியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். 2020-க்கான 1040 என்கிற ரிட்டர்ன் படிவத்தில் ரிகவரி ரிபேட் கிரெடிட், அதாவது வராமல் போன உதவிப் பணத்தைக் கேட்டு வாங்கும் இடம். உங்களுக்கு மொத்தம் எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போடுங்கள், அதில் ஏற்கெனவே எவ்வளவு வந்துவிட்டது என்று கழியுங்கள், மீதியை இங்கே எழுதுங்கள். கேட்பதற்கு எளிது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பணத்தை அனுப்பியது அரசு. எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்குக்கு, எவ்வளவு என்று அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்! ஒன்பது மாதத்துக்கு முன்னால் வந்த பணத்தை, அதில் வாடகை கொடுத்து அரிசி வாங்கிச் செலவழித்து முடித்த ஆளிடம், டாலர் பிசகாமல் சொல் என்கிறார்கள். சொன்னது தப்பாக இருந்தால் ரிட்டர்ன் நின்றுவிடும், ஒரு ஆள் கையால் சரிபார்க்கும் வரை ரீஃபண்ட் வராது. கடைசியில் ஒரு கடிதம் வரும், "எங்கள் பதிவுகளின்படி உங்களுக்கு இவ்வளவு அனுப்பியிருக்கிறோம், அதனால் தொகையை மாற்றிவிட்டோம்" என்கிற பாணியில். பதிவு இருந்ததால்தானே மாற்றினீர்கள்? அப்புறம் எதற்குக் கேட்டீர்கள்?

ஆதாரத்துக்குக் கடிதம் அனுப்பினோமே என்பார்கள். அனுப்பினார்கள். முதல் பணத்துக்கு 1444, இரண்டாவதுக்கு 1444-பி, மூன்றாவதுக்கு 1444-சி, அதற்கும் அடுத்த வருடம் 6475 என்று இன்னொன்று. முதல் கடிதம் ஜனாதிபதியின் கையெழுத்தோடு வந்தது, தேர்தல் வருடம் வேறு, பிரசாரக் காகிதம் என்று குப்பையில் போட்டவர்கள் என்னிடமே பல பேர். சுமார் 40 லட்சம் பேருக்குப் பணமே டெபிட் கார்டாகப் போனது, உறையில் அரசின் பெயர் இல்லை, கிரெடிட் கார்டு விளம்பரம் என்று கத்தரித்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து "எனக்கு வரவே இல்லை" என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை.

6475-இல் இருந்த கூத்து இன்னும் நுணுக்கமானது. கணவனும் மனைவியும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டாலும் கடிதம் தனித்தனியாக வரும், ஒவ்வொன்றிலும் பாதித் தொகை. நான்கு பேர் குடும்பத்துக்கு மொத்தம் 5,600 வந்திருக்கும், ஆனால் கணவர் கடிதத்தில் 2,800 மட்டும் இருக்கும். மனைவிக்கு வந்த கடிதம் ஃபிரிட்ஜ் மேலே ஏதோ ஒரு மேகசினுக்குள் கிடக்கும். கணவர் தன் கடிதத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி, "பாருங்க, அரசாங்கமே ரெண்டாயிரத்து எண்ணூறுதான் குடுத்திருக்கு, மிச்சம் வரணும்" என்பார். கடிதத்தில் அச்சடித்திருப்பதை நான் எப்படி இல்லை என்பது? "வீட்டம்மா பெயரில் இன்னொன்று வந்திருக்கும், தேடிப் பாருங்கள்" என்றால் முகம் மாறும். இவள் நமக்கு வரவேண்டியதைத் தடுக்கிறாள் என்கிற முகம். வேறு ஒருத்தரிடம் போய் அந்த மீதி 2,800-ஐக் கேட்டு ரிட்டர்ன் போட்டவர்களும் உண்டு, அவர்கள் ரீஃபண்டுக்கு எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருந்த வீடுகளில் சண்டையே நடந்தது. முதல் இரண்டு தடவையும் 17 வயது நிரம்பிய டிபென்டென்டுக்கு ஒரு காசு கிடையாது, பெற்றோருக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. ஆனால் பிள்ளை யாருக்கும் டிபென்டென்ட் இல்லையென்றால் 1,200-உம் 600-உம் சேர்த்து 1,800 அவனுக்கு. பெற்றோர் அவனை டிபென்டென்டாகக் காட்டினால் அவர்களுக்குக் கிடைப்பது 500 டாலர் கிரெடிட், அதாவது வரியில் குறைப்பு. உடனே கணக்குத் தெரிந்த அப்பாக்கள், "பையனை என் ரிட்டர்ன்ல இருந்து எடுத்துடுங்க, அவன் தனியா வாங்கிக்கட்டும்" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை சார். நீங்கள் காட்டினீர்களா என்று அது பார்க்காது, காட்டுவதற்குத் தகுதி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 2020 மே மாதம் வரை முழுநேரம் படித்தவன், 24 வயதுக்குக் கீழே, சாப்பாடும் இன்ஷூரன்ஸும் உங்கள் செலவு என்றால் நீங்கள் காட்டாமல் விட்டாலும் அவனுக்கு அந்த 1,800 இல்லை. இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாடிக்கையாளரை இழக்கும் வாய்ப்பு இருந்தது. ஆனால் ரிட்டர்னில் என் கையெழுத்தும் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்களுக்கு வரித்துறை தரும் என் பிடின் எண்ணும் இருக்கிறதே.

2021 மார்ச் 11 பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், சுருக்கமாக முடிக்கிறேன். சீசன் தொடங்கியதே தாமதமாக, பிப்ரவரி 12-இல். வேலை போனவர்கள்தான் ரீஃபண்டுக்காக முதலில் ஓடி வந்து ரிட்டர்ன் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்த சட்டம், 2020-இல் வாங்கிய வேலையின்மை உதவித்தொகையில் ஆளுக்கு 10,200 டாலர் வரை வரி கிடையாது என்றது, வருமானம் 1,50,000-க்குக் கீழே இருந்தால். போன வருடத்துக்கான சலுகை, இந்த வருடம் பாதி சீசன் முடிந்தபின்! சாஃப்ட்வேர் மாறவில்லை, படிவம் மாறவில்லை, ஏற்கெனவே போட்டவர்கள் திருத்திப் போடாதீர்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது வரித்துறை. நியூ ஜெர்சி வேலையின்மைத் தொகைக்கு எப்போதுமே வரி போடுவதில்லை, ஆற்றைத் தாண்டினால் நியூயார்க் முழுத்தொகைக்கும் போடும், மத்திய அரசின் சலுகையை அவர்கள் ஏற்கவில்லை. ஜெர்சி சிட்டியில் இருக்கிற தம்பிக்கு ஒரு பதில், குவீன்ஸில் இருக்கிற அவர் அண்ணனுக்கு வேறு பதில். இருவரும் ஒரே குடும்ப வாட்ஸாப் குழுவில் இருக்கிறார்கள்.

அந்தச் சீசன் முடியும்போது சுமார் 3.5 கோடி ரிட்டர்ன்கள் மனிதக் கைக்காகக் காத்துக் கிடந்தன. அந்த நிதியாண்டில் வரித்துறைக்கு வந்த 28.2 கோடி தொலைபேசி அழைப்புகளில் 11 சதவீதத்துக்குத்தான் ஆள் கிடைத்தது. இரண்டும் வரித்துறைக்குள்ளேயே இருக்கும் வரிசெலுத்துவோர் நல அலுவலகம் சொன்ன எண்கள். மீதி 89 சதவீதம் பேர் எங்கே போவார்கள்? எங்களிடம்தான். அதற்கு யாரும் ஃபீஸ் தரவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை. வேலை போன ஆளிடம் "உங்கள் ஸ்டிமுலஸ் பணம் எங்கே என்று தேடித் தந்ததற்கு 50 டாலர்" என்று எந்த வாயால் கேட்பது?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை கோடிப் பேருக்கு இவ்வளவு சீக்கிரம் பணம் போனதற்குக் காரணமே வரித்துறையிடம் வங்கிக் கணக்கு எண் இருந்ததுதான். வேறு எந்தத் துறையும் அதைச் செய்திருக்க முடியாது. புதிதாகப் பிறந்த குழந்தை, குறைந்துபோன வருமானம் இதையெல்லாம் வரி செலுத்துபவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் சரி. நான் கேட்பது அந்தக் கழித்தல் கணக்கை மட்டும். இவ்வளவு வரவேண்டும் என்பதற்கான விவரத்தை நாங்கள் தருகிறோம், இவ்வளவு கொடுத்துவிட்டோம் என்பதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் அரிசி ரேஷன் கார்டுக்கு நாலாயிரம் ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். வரிசை இருந்தது, வெயில் இருந்தது, திட்டியவர்களும் இருந்தார்கள், ஆனால் இரண்டாவது தவணை வாங்கப்போன என் அம்மாவிடம் போன மாதம் எவ்வளவு வாங்கினாய் என்று எழுதித் தா என்று யாரும் கேட்கவில்லை.

இது முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் என்ன நடந்தது? 2021 ரிட்டர்னில் அந்த வரியைக் காலியாக விட்டவர்கள், பூஜ்யம் என்று எழுதியவர்கள், ஆனால் உண்மையில் தகுதி உள்ளவர்கள் என்று சுமார் பத்து லட்சம் பேரை வரித்துறை தன் பதிவுகளிலிருந்தே கண்டுபிடித்து, அவர்கள் எதுவும் கேட்காமலேயே, மொத்தம் சுமார் 240 கோடி டாலர் அனுப்புவதாக அறிவித்தது. திருத்திய ரிட்டர்ன் வேண்டாம், எதுவும் வேண்டாம், தானாக வரும் என்று. ஆக, முடியும். 2021-இல் செய்யவேண்டியதை மூன்று வருடம் தள்ளிச் செய்தார்கள், அவ்வளவுதான்.

பாடம் படித்தார்களா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தில் ஓவர்டைம், டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு என்றார்கள், அதுவும் ஜனவரி முதல் தேதியிலிருந்தே செல்லும் என்று. முதலாளி தரும் வருடச் சம்பள விவரமான டபிள்யூ-2 படிவத்தை 2025-க்கு மாற்றவில்லை. ஓவர்டைமில் கழிக்கத்தக்க பகுதி எவ்வளவு என்பதற்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். மறுபடியும் அதே கதை, வேறு வரி எண்.

எனவே, 2,000 டாலர் கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு: அதற்கு விண்ணப்பிக்க எந்தப் படிவமும் இல்லை. "உங்கள் பணம் தயார், இங்கே தட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள், உங்கள் எஸ்எஸ்என்னைத் திருடத்தான் அது. 2021-இல் வராமல் போன 1,400-ஐக் கேட்டு வாங்கும் கெடு 2025 ஏப்ரல் 15-ஓடு முடிந்துவிட்டது, அதற்காகவும் அழைக்க வேண்டாம். டபிள்யூ-2 வந்ததும் அனுப்புங்கள், ஓவர்டைம் பார்த்தவர்கள் வருடக் கடைசிச் சம்பளச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். போட்டோ எடுக்கும்போது விரல் எண்ணை மறைக்காமல் பார்த்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.